மாடிவீட்டுக்காரரின் வைரச் சாணை

ஒரகடம் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த வருடம். மண்ணூரில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தோம். ஒன்றில் திருநெல்வேலிப் பக்கத்துத் தச்சர் ஒருவர் குடிவந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். குடும்பம் ஊரில் இருந்தது. வல்லம் வடகாலில் இயந்திரங்களை ஏற்றி அனுப்ப மரப்பெட்டிகள் செய்யும் கொட்டகையில் அவருக்கு வேலை. உளி தீட்டுவதற்காகச் சட்டைப்பையில் ஒரு வைரச் சாணை வைத்திருப்பார். சீப்பு நீளத்தில் ஒரு எஃகுத் தகடு, இரண்டு பக்கமும் வைரத்தூள் ஒட்டியது, ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு. கைப்பிடியை மடித்தால் தகடு உள்ளே போய்விடும். அந்தப் பொருளின் மேல் எனக்கு வந்த பொறாமை, பிறகு எந்தப் பொருளின் மேலும் வந்ததில்லை.

எனக்குத் தீட்டத் தெரியாது என்றால் அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் டூல் ரூமில் எனக்கு அது பத்தொன்பதாவது வருடம். அச்சுகளைக் கண்ணாடிபோல் மெருகேற்றுவதே என் வேலை. என் மனைவி சுற்றுப்புற அறைகளில் தங்கியிருந்த பன்னிரண்டு தொழிலாளர்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். காலை ஏழு மணிக்குள் நான்கு கிலோ காய் நறுக்கியாக வேண்டும். அவளுடைய அரிவாள்மனையைத் தீட்டித் தருவது கல்யாணமான நாளிலிருந்து என் பொறுப்பு. ஞாயிறு காலை திருகாணியைக் கழற்றி, அலகைப் பலகையிலிருந்து பிரித்து, கழுவித் துடைத்து, எட்டு அங்குல ஆயில் ஸ்டோனில் எண்ணெய் விட்டுப் பக்கத்துக்கு நாற்பது இழுப்பு. பிறகு மறுபடியும் பூட்டி டைரியில் குறிப்பேன். மொத்தம் ஐம்பது நிமிடம்.

ஒரு புதன்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது.

"கொண்டாங்க யக்கா. இன்னைக்கு என்னத்த நறுக்கப் போறிய?"

"முட்டகோஸுண்ணா. பன்னண்டு பேருக்கு."

"இந்த மழுங்கல வச்சா? கோஸு சிரிக்கும்லா."

என் மனைவி சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது. பார்க்காமலே எனக்குத் தெரியும். நான் வாய் கொப்பளித்து முடிப்பதற்குள், தீட்டி வாங்கிய அரிவாள்மனையோடு அவள் இறங்கி வந்துவிட்டாள்.

"மேல இன்னா வேல?"

"அருவாமன மொக்கையா இருந்துச்சி."

"ஞாயித்துக்கெழம தீட்டித் தரேன்ல?"

"அதுவரைக்கும் கோஸ பல்லால கடிச்சா போடறது?"

அவள் குளிக்கப் போனதும் பூதக்கண்ணாடி வைத்து அந்த விளிம்பைப் பார்த்தேன். கோடு கோடாக, ரம்பம்போல் இருந்தது. டூல் ரூமில் ஒருவன் இப்படி வேலை செய்து கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் அன்று கோஸ் மெல்லிய இழைகளாக வந்திருந்தது. சாப்பிடும்போதே அது தெரிந்தது. நன்றாக இருப்பதாக நான் சொல்லவில்லை.

அதன் பிறகு அவள் ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை மாடிக்குப் போனாள். எனக்கு அந்த மனிதர் மேல் தவறான சந்தேகம் எதுவும் இல்லை. அரிவாள்மனையை அவள் என்னிடம் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். அது இரண்டு நிமிடத்தில், நின்றபடியே, வேறு ஒருவர் கையில் நடந்துவிடுகிறது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னை பாரிமுனையில் ஒரு கருவிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எடுத்துப் போட்ட முதல் பொருளே மாடிக்காரரிடம் இருந்த அதே மடக்குச் சாணை.

"இது வேணாம். வேற காட்டுங்க" என்றேன்.

"இதான் சார் நல்லா போவுது. ரெண்டு சைடும் கீது."

"வேற."

பேனாவைப்போல் கூம்பிய கம்பி ஒன்று, அட்டை அளவில் மெல்லிய தகடு ஒன்று, தோலுறையோடு ஒற்றைப் பக்கத் தகடு ஒன்று. மூன்றையும் வரிசையாக வைத்தேன். கம்பி வளைந்த அலகுக்குப் பொருந்தும், ஆனால் கோணம் நிலையாக நிற்காது. அட்டைத் தகட்டில் பிடிக்க இடமில்லை, விரல் வெட்டுப்படும். தோலுறைத் தகட்டின் விளிம்பு நேராக இருந்தது, தூள் எங்கும் ஒரே சீராகப் படிந்திருந்தது. அதிலும் சொரசொரப்பு, நடுத்தரம், மிக வழவழப்பு என மூன்று தரம். பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்தியா? ஜாதகம் எதுனா வோணுமா?" என்றார் கடைக்காரர். பக்கத்தில் டிரில் பிட் வாங்கிக்கொண்டிருந்தவரும் சிரித்தார்.

நான் மிக வழவழப்பானதை எடுத்துக்கொண்டேன். அதைவிட நுண்மையானது அந்தக் கடையில் இல்லை. மாடிக்காரரிடமும் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் அலகைக் கழற்றாமலே தீட்டினேன். எண்ணெய் வேண்டாம், அழுத்த வேண்டாம், தகட்டின் எடையே போதும். விளிம்பு அச்சு மெருகுக்கு வந்தது. முன்கை மயிரை ஒரே இழுப்பில் மழித்தது. மனைவியிடம் கொடுத்தேன்.

அவள் தக்காளியை வைத்து அழுத்தினாள். வழுக்கியது. இன்னொன்றை வைத்தாள். அலகு தோலில் பிடிக்காமல் நழுவி, தக்காளி நசுங்கிச் சாறு அவள் புடவையில் தெறித்தது.

"பளபளன்னுதான் கீது. பொட்டு வச்சிக்கலாம். தக்காளிதான் நறுக்க முடியல" என்று எழுந்து மாடிக்குப் போனாள். நான் படிக்கட்டின் கீழே நின்று கேட்டேன்.

"இது யாரு யக்கா தீட்டுனது? அண்ணாச்சியா?" என்றார் அவர். "எம்புட்டு சுத்தம்! எனக்கு ஏழு சென்மத்துக்கும் இப்படி வராது. இதுல போயி நான் கை வைக்கதா?"

"வைங்கண்ணா, எனக்கு நேரமாவுது."

"காயிக்கு இம்புட்டு வழவழப்பு ஆகாதுக்கா. தோலக் கவ்வணும்லா. லேசா பல்லு வச்சித் தாறேன்."

சர், சர், சர். மூன்று இழுப்பு. அவர் என்னைக் கிண்டல் செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் மறுபடியும் பாரிமுனை. "அந்த ரெண்டு சைடு" என்று மட்டும் சொன்னேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். பூதக்கண்ணாடியை நான் எடுத்துப் போகவில்லை.

அதற்கடுத்த புதன்கிழமை மனைவி சுங்குவார்சத்திரத்திலிருந்து சங்கரா மீன் வாங்கி வந்தாள். அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு படிக்கட்டை நோக்கித் திரும்பினாள்.

"இங்க குடு" என்றேன்.

"ஞாயித்துக்கெழமதானே?"

"குடுன்றேன்."

சொரசொரப்புப் பக்கத்தில் ஆறு இழுப்பு. கோடுகள் விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் மீனின் வயிற்றை வைத்து இழுத்தாள், ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கியது. தலையைத் துண்டித்தாள், துடுப்பைச் சீவினாள். நிமிர்ந்து பார்த்து, முகம் மலர்ந்து சொன்னாள்:

"அண்ணன் தீட்டனாப்லயே கீதுங்க."

அவள் மனதாரப் பாராட்டினாள். இன்னும் இரண்டு இழுப்பு போடட்டுமா என்று கேட்டேன். "வுடுங்க, போதும்" என்று அடுத்த மீனை எடுத்தாள்.

அன்றிலிருந்து அரிவாள்மனை மாடிக்குப் போகவில்லை. அவளுக்கு நல்ல விளிம்பு கிடைத்தால் போதும், யார் தீட்டினார்கள் என்பது அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. எனக்குத்தான் அது பெரிய விஷயமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மாடிக்காரர் படியில் எதிர்ப்பட்டார். கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"என்ன அண்ணாச்சி, யக்கா இப்பம் மேல வாறதே இல்ல? நான் ஏதும் தப்பாப் பேசிட்டனோ?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நானே தீட்டிக் குடுத்துடறேன்."

"அப்படியா? சந்தோசம்." அவர் முகம் கொஞ்சம் வாடியதைப் பார்த்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும். "எதுல தீட்டுதிய?" என்றார்.

மடக்குச் சாணை என் சட்டைப்பையில்தான் இருந்தது. வெளியே எடுத்துக் காட்டியிருக்கலாம். தன்னுடையதைப் போலவே இருப்பதைப் பார்த்து அவர் குழந்தைபோல் மகிழ்ந்திருப்பார்.

"பழைய ஆயில் ஸ்டோன்லதான்" என்றேன்.

"அதான பாத்தேன். ஒங்க கை அப்படி, அண்ணாச்சி" என்று உளமாரச் சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போனார்.