காப்புக் கட்டிய ஊரில் ஒரு கால்

இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் ஆராதனைக்கு வருகிற எங்கள் சபையார் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். போதகர் குனிந்து தண்ணீர் ஊற்றும்போது கால் அழுக்காக இருந்தால் நன்றாகவா இருக்கும்? கழுவிய காலையே மறுபடி கழுவி, துண்டால் ஒற்றி, கண் கலங்குவோம். நானும் கலங்கியிருக்கிறேன். ஆனால் இந்தக் கால் வேறு.

மரவள்ளி பிடுங்கிய காட்டில் கட்டை குத்திய கால். குத்தியதே அந்த அக்காவுக்குத் தெரியவில்லை. பாதத்தின் உணர்ச்சியைச் சர்க்கரை நோய் எப்போதோ தின்று முடித்திருந்தது. மலைமேல் வாழவந்தி நாட்டில் நான் ஊழியத்துக்கு வந்து வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு மேலே, மிளகுக் கொடி ஏறிய மரங்களைத் தாண்டினால் அவர் வீடு. புருஷன் இல்லை. ஒரே மகன் வடக்கே லாரி ஓட்டுகிறான். சாயங்காலம் ஆனால் உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மேலே போவேன். வாசலை மிதிக்கும் முன்பே வாடை வந்துவிடும். மூக்கைப் பொத்தக் கூடாது என்று வைராக்கியமாக இருப்பேன்.

"பொத்திக்கங்க தம்பி. எனக்கே கொமட்டுது, உங்களுக்கு என்ன வேண்டுதலா?" என்பார் அவரே.

பெருவிரல் கறுத்தது. கறுப்பு பக்கத்து விரலுக்குப் போனது.

"அக்கா, நாளைக்குக் கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

"நோம்பி முடியட்டுங்க."

ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். கட்டும்போது ஊரில் இருந்தவர் யாரும் நோம்பி முடிகிறவரை எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. பகலில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். இந்தக் காலைப் பார்க்கிற எந்த டாக்டர் இருட்டுவதற்குள் திருப்பி அனுப்புவார்?

ஊர்க்கவுண்டரிடம் ஓடினேன். கோயில் முன்னால் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங், நாங்க என்ன கட்டியா போட்டிருக்கறோம்? உசுருக்கு ஆபத்துன்னா ஆத்தா கோவிச்சுக்குவாளா? நானே போயிச் சொல்லிட்டனுங்க. அவ கேக்கமாட்டீங்கறா." பிறகு சிரித்தார். "உங்க ஏசு சாமிகிட்டச் சொல்லி அவ மனச மாத்திக் காட்டுங்க, பாக்கலாம்."

குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் குத்தியது. அதைத்தானே நான் விடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா காரணத்தைச் சொன்னார். "குத்தம் என்ற மேல வந்தாப் பரவால்லீங்க. பையன் மேல வந்துருச்சுன்னா? ராவும் பகலும் ரோட்டுலயே கெடக்கறவன். ஒரு கால்தான, போனாப் போகுது."

"காலோட நிக்காதுக்கா. உசுரு போயிரும்."

"அதும் போகட்டும்."

அடுப்பில் கிடந்த கட்டையை இழுத்து அணைப்பதுபோல் சொன்னார். மகனையே கொடுத்த பரலோகத் தகப்பனின் அன்பை நான் சிறுவயது முதல் பாடி வருகிறேன். மகனைக் கொடுக்கமாட்டேன் என்று அங்குலம் அங்குலமாகச் செத்துக்கொண்டிருக்கும் தாயிடம் அந்தப் பாட்டின் எந்த வரியை எடுத்துச் சொல்ல? ஆண்டவரே, இவர் உம்மைவிடப் பிடிவாதக்காரர். இறங்கி வந்து நீரே பேசும். இறங்கி வந்தது மூடுபனிதான். வந்து, வாசல்வரை நின்று, போய்விட்டது.

ஊர் எல்லையில் ஒரு பாறை. அதன்மேல் ஏறினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். மகனைக் கூப்பிட்டேன். போனிலேயே அழுதான். அவன் சொன்னதை அக்காவிடம் வந்து சொன்னேன்.

"அவன் உங்களப் போகச் சொல்றான்க்கா."

"அவன் சொல்லுவான். லாரிச் சக்கரம் அவன் பேச்சக் கேக்குமா?" பிறகு கூரையைப் பார்த்துச் சொன்னார். "அவன் இந்த ஊருக்குள்ள, ஆத்தா காவல்ல இருந்தான்னா, அது வேறங்க."

பாறைக்குத் திரும்ப ஓடி அவனை வரச் சொன்னேன். அவன் லாரியைக் கூட இருந்த டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறினான். அவன் வந்து சேருவதற்குள் கறுப்பு கணுக்காலைத் தாண்டிவிட்டது. காய்ச்சலில் அக்கா பிதற்றினார். நான் கழுவினேன். வேறு எதுவும் தெரியாததால் கழுவினேன். தண்ணீர் மட்டும் தட்டில் நிறம் மாறியது.

மகன் வந்து காலைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். அந்தக் காய்ச்சலிலும் அக்கா கணக்காகப் பேசினார்.

"நீ என்கூட வராத கண்ணு. நான் திரும்பற வரைக்கும் எல்லையத் தாண்டாத. எந்த வண்டியும் தொடாத."

"பெத்தவள ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு நான் இங்க பொங்கல் தின்னுட்டு உக்காந்திருக்கோணுமா? உனக்கென்ன கிறுக்கா?"

"கிறுக்குத்தான். சத்தியம் பண்ணு."

பண்ணினான். அதனால் ஜீப்பில் நான்தான் ஏறினேன்.

வளைவுக்கு வளைவு அவர் தலை என் மடியில் உருண்டது. என்னை அறியாமல் வாய்விட்டு ஜெபிக்க ஆரம்பித்திருந்தேன்.

"மெதுவாச் சொல்லுங்க தம்பி," என்றார். "எங்காத்தா பொல்லாதவ. காதுல விழுந்துரும்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை.

டாக்டர் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இவ்வளவு நாள் என்ன சார் பண்ணீங்க?" கழுவினேன் என்றா சொல்வது? விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், எடுத்தாலும் பிழைப்பாரா என்று சொல்ல முடியாது என்றார். மகனின் சம்மதம் வேண்டும். கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான், பாறைமேலேயே உட்கார்ந்திருக்கிறான்.

"எடுக்கச் சொல்லுங்கண்ணா." அவன் மூச்சு வாங்குவது கேட்டது. "அம்மாகிட்டச் சொல்லீருங்க, நான் ஒரு எட்டும் வெளிய வெக்கலன்னு. அதத் தெரிஞ்சுக்காம அவ நிம்மதியாப் படுக்கமாட்டா."

தள்ளுபடுக்கையை ஆபரேஷன் அறைக் கதவருகே நிறுத்தியிருந்தார்கள். குனிந்து காதில் சொன்னேன். இமை அசையவில்லை.

"அக்கா, பையன் ஊருக்குள்ளதான் இருக்கான். எல்லையத் தாண்டல."

"தள்ளிக்கங்க சார், நேரமாச்சு," என்றார் நர்ஸ்.

மறுபடி சொன்னேன், வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. படுக்கை உள்ளே போயிற்று. கதவு மூடியது. கதவிடம் சொன்னேன்.