கடலுக்குள் கொடிக்காவல்

எட்டாம் வகுப்பில் எங்களைச் சாரணர் முகாமுக்கு அழைத்துப் போனபோது, பஸ் ஏறும் முன் அய்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு புத்திமதி சொன்னார்.

"மொதலாளி மயனப் பத்திரமாக் கூட்டியாந்துரு. அவனுக்கு ஒண்ணுன்னா நம்ம பொழப்பு அம்புட்டுத்தான்."

எனக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முதலாளிக்கு முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க்காடு இருந்தது. அய்யாவுக்கு அதில் வேலை. எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அந்தக் காட்டை நம்பித்தான். முதலாளி மகனும் நானும் ஒரே பெஞ்சு. பள்ளிக்கூடத்தில் அவன் எனக்கு 'ஏலே', அவன் வீட்டு வாசலில் 'வாங்க தம்பி'. நாக்கு தானாகவே மாறிக்கொள்ளும்.

அக்காள்மடம் என்ற கடலோர ஊரைத் தாண்டி, வடக்குப் பார்த்த கரையில் கூடாரம் போட்டோம். எங்களில் பாதிப் பேர் கடலை அன்றுதான் பார்த்தார்கள். மறுநாள் காலையில், எல்லாரும் வாயில் பல்பொடியோடு நிற்கும்போது, நான் இரண்டு விரலை நாக்குக்கடியில் வைத்து, எங்களை அழைத்துவந்த சாரின் விசில் மாதிரியே ஊதினேன். பொடியும் நுரையுமாக அத்தனை பேரும் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். சார் வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைத் தவளை மாதிரி கரையெல்லாம் தாவ வைத்தார். அந்த வயதில் எனக்கு அது தண்டனை மாதிரியே தெரியவில்லை. பையன்கள் கைதட்டினார்கள் அல்லவா?

மதியத்துக்கு மேல் கொடி விளையாட்டு. ஒவ்வொரு அணியும் ஒரு கொடியை நட்டு, இரண்டு பேரைக் காவல் வைக்க வேண்டும். எதிரணி வந்து பிடுங்கும். சார் விசில் ஊதும்வரை காவல்காரன் கொடியை விட்டு நகரக் கூடாது.

அந்த நேரத்தில் கடல் உள்வாங்கிக் கிடந்தது. சித்திரை மாதத்துக் கண்மாய்போல மணல் கெட்டித்துக் கிடக்க, தூரத்தில் ஒரு மேடு தெரிந்தது. கொடியை அங்கே நடச் சொன்னார் சார். அவர் கடலாடிக்காரர், ஊர்ப்பெயரில்தான் கடல்; எங்களைப் போலவே வானத்தைப் பார்த்து வாழ்ந்தவர். எங்கள் கணக்கில் வற்றின தண்ணீர் வற்றினதுதான். ஐப்பசியில் மழை பெய்து, ஓடை வந்து, கண்மாய் நிறைந்தால்தான் உண்டு. அண்ணாந்து பார்த்தோம். துளி மேகம் இல்லை. பிறகென்ன பயம்?

காவலுக்கு நானும் முதலாளி மகனும். அய்யாவின் வார்த்தைக்காக நானே கேட்டு அவனோடு போனேன். எதிரி கரையிலிருந்து வருவான் என்று கரையையே முறைத்துக்கொண்டு நின்றோம். யாரும் வரவில்லை. அவன்தான் முதலில் குனிந்து பார்த்தான்.

"ஏலே, காலு நனையுது."

"எவனோ மடையத் தெறந்து விட்டுட்டான்" என்றேன். இருவரும் சிரித்தோம். அந்த நகைச்சுவையை நான் இன்றுவரை யாரிடமும் திரும்பச் சொன்னதில்லை.

சிரித்து முடிப்பதற்குள் கணுக்கால் மறைந்தது. அப்போதுதான் கவனித்தேன். நாங்கள் நின்றது மேடு. எங்களுக்கும் கரைக்கும் நடுவில் இருந்தது பள்ளம். தண்ணீர் முதலில் அந்தப் பள்ளத்தைத்தான் நிரப்பியிருந்தது. கரையில் சார் கையை வீசிக் குதித்துக்கொண்டிருந்தார். வாயில் விசில் இருந்தது. வாடைக்காற்று எங்களிடமிருந்து அவரைப் பார்த்து அடித்ததால், சத்தம் மட்டும் வந்து சேரவில்லை.

"வாலே, போயிருவோம்" என்றேன்.

"விசில் அடிக்கட்டும்."

"சார் அங்கன குதிக்கிறாரு பாரு."

"அவரு ஒனக்குத் தவள தாவக் கத்துக்குடுக்காரு. நான் வரமாட்டேன். பாயிண்டு போயிரும்."

வேறு வழி தெரியாமல் விரலை வாயில் வைத்து ஊதினேன். நன்றாகவே வந்தது.

"ஒன் விசிலு எனக்குத் தெரியாதாக்கும்" என்றான்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்த பிறகு அவனுக்கு வெற்றி தோல்வியெல்லாம் மறந்துவிட்டது. முகம் வெளுத்து, என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "எனக்கு நீச்சல் தெரியாது."

கிணறு, பம்ப்செட், தொட்டி எல்லாம் அவர்களுடையவை. நீச்சல் மட்டும் எங்களுடையது.

கொடிக்கம்பைப் பிடுங்கி, ஊன்றிப் பார்த்துக்கொண்டே இறங்கினோம். இடுப்பு. நெஞ்சு. அதற்கப்புறம் கம்புக்குத் தரை சிக்கவில்லை. அவன் முங்கினான். கிணற்றில் முங்குகிறவனை முடியைப் பிடித்துத் தூக்குவது எங்கள் ஊர் வழக்கம். கையைப் போட்டேன், வழுக்கியது. போன வாரம்தான் குலசாமிக்கு மொட்டை போட்டிருந்தான். மறுபடி துழாவியதில் கையில் சிக்கியது கழுத்தில் கட்டியிருந்த சாரணர் துண்டு. அதைப் பிடித்து இழுத்தேன். உயிர் போகிறமாதிரி இழுத்தேன் என்பது இரண்டு பேர் விஷயத்திலும் உண்மை. எதிரே நெஞ்சளவுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்த சார் இருவரையும் அள்ளிக்கொண்டார்.

கரையில் கிடந்து அவன் வாந்தியெடுத்தான். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் சார் எங்கள் இருக்கைக்கு வந்து குனிந்து, "கடலுக்குள்ள போனத வீட்ல சொல்ல வேணாம்ப்பா. என் வேலை போயிரும்" என்றார். ஒரு வாத்தியார் எங்களிடம் கெஞ்சுவதை அதற்கு முன்பு நாங்கள் பார்த்ததில்லை. இருவரும் தலையாட்டினோம்.

ஊரில் இறங்கியபோது முதலாளி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அய்யா. மகனின் கழுத்தைப் பார்த்துவிட்டார் முதலாளி.

"என்னடா இது?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "வெளையாட்டுல இவன் துண்டப் பிடிச்சு இழுத்துட்டான்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் சிக்கல்.

முதலாளி அய்யாவைத் திரும்பிப் பார்த்தார். "ஒம்மகன நம்பித்தானப்பா அனுப்புனேன்."

அய்யாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. "கொரங்குப் பயலே, ஒன்ட்ட என்ன சொல்லி அனுப்புனேன்?" இன்னொன்றும் விழுந்தது. நடந்தது எனக்கு வாய்வரை வந்துவிட்டது. சார் பஸ் படியிலேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கிக்கொண்டேன். அதுவும் உப்புத்தான்.

"சரி சரி, விடுப்பா, புள்ளைகன்னா அப்பிடித்தான்" என்றார் முதலாளி. மகனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "காலைல வெள்ளனாக் காட்டுக்கு வந்துரு. மருந்தடிக்கணும்."

"வாரேன் மொதலாளி" என்றார் அய்யா. அவர் அடக்கி வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அடித்த கையால்தான் வாங்கினார். வீடு வரை நான் ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை. அவரும் என்னடா சத்தத்தைக் காணோம் என்று கேட்கவில்லை.