டாங்கிளுக்குப் பூசிய சந்தனம்

ஆயுதபூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் பூசினேன். அதில் தவறில்லை, திருவாரூரில் அன்றைக்குப் பொட்டு வைக்காத இயந்திரம் கிடையாது. பக்கத்துக் கடை ஜெராக்ஸ் மெஷின், எதிர் வீட்டு டிராக்டர், என் பிரிண்டர் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக நின்றன. நான் செய்த மடத்தனம், கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகியிருந்த டாங்கிளையும் கழற்றிப் பூசியது. தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் துண்டு. அது இருந்தால்தான் நான் தமிழ் டைப் அடிக்கும் சாஃப்ட்வேர் திறக்கும். கடையிலேயே உயர்ந்த சாமான் என்று அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே குழைத்துப் பூசினேன். பின்களுக்கு நடுவே புகுந்து காய்ந்துவிட்டது. மறுநாள் சுரண்டித் துடைத்துச் செருகியும், நான் உரிமம் இல்லாதவன் என்றே திரை சொன்னது. பில் என் மேஜை டிராயரில் இருந்தது.

அதை எனக்கு விற்றவரை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. சித்திரை வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்தார். ஊரே சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம். கூத்தாநல்லூரிலிருந்து பயோடேட்டா அடிக்க வருவார்கள். லீவில் வந்தவர்கள் கல்யாணப் பத்திரிகைக்கு வருவார்கள். அவசர அவசரமாக ஒரு டிடிபி கடை போட்டிருந்தேன். “எங்க எழுத்தை வேற எந்த சாஃப்ட்வேரும் தொட முடியாது சார், அவ்வளவு பாதுகாப்பு” என்றார். எங்க எழுத்து என்று அவர் சொன்னது அ, ஆ, இ, ஈயை. எனக்கு அது உறைக்கவில்லை. ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி தலையாட்டினேன்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் அம்மாவின் நோட்டுகள் இருந்தன. அம்மா அரசாங்க நர்ஸ். மன்னார்குடி சாலைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தவர். ஒவ்வொரு பிரசவத்துக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுவார்: நாள், தாயின் பெயர், ஆணா பெண்ணா, அழுததா இல்லையா. பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த நாள் தெரியாமல் எத்தனையோ பேர் அவரைத் தேடி வருவார்கள். ரிடையரான பிறகு அவற்றையெல்லாம் ஒரு புத்தகமாகப் போட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

பாஸ்போர்ட்டுக்காக வராதவர் ஒருவர் இருந்தார். நடவு வேலைக்குப் போகும் ஒரு அக்கா. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒவ்வொரு ஐப்பசியிலும் வந்து, தன் வரியை அம்மா வாயால் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவார். அவருடைய முதல் குழந்தை கால் மணி நேரம் உயிரோடு இருந்தது. அப்போது அம்மாவும் அவரும் தவிர வீட்டில் யாருமில்லை, எல்லாரும் வயலில். திரும்பி வந்த மாமியார், பிள்ளை செத்தே பிறந்தது என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். புருஷனும் அதையே பிடித்துக்கொண்டார். கோபம் வந்தால் ‘பொணத்தைப் பெத்தவ’ என்பாராம். பிறகு மூன்று பிள்ளைகள் பிறந்து வளர்ந்தும் அந்தப் பேச்சை விடவில்லை.

“புக்கு வந்தா எனக்கு ஒண்ணு குடுங்க நர்ஸம்மா” என்று அவர் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “நீங்க சொன்னா, எனக்காகப் பரிஞ்சு சொல்றீங்கங்கிறாரு. புக்குல இருந்தா வேற யாராச்சும் படிச்சுக் காட்டுவாங்கல்ல?”

ஒரு வருஷம் உட்கார்ந்து எல்லா நோட்டையும் அடித்து முடித்தேன். பேப்பர் எதற்கு வீணாக வேண்டும், மொத்தமாகப் புத்தகமாகவே அச்சடித்துக்கொள்ளலாம் என்று பிரிண்ட் எடுக்கவில்லை. போகி வந்தது. கரையான் அரித்த நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டார். “இதை என்னடா பண்றது?”

“அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சேம்மா. போட்டுக் கொளுத்துங்க” என்றேன். டை கட்டியவரின் தோரணை எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டார். அதே வருஷம் ஆயுதபூஜைக்குத்தான் நான் சந்தனம் குழைத்தேன்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். டாங்கிள் போனால் லைசென்ஸ் போச்சு, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றார் ஒருவர்.

“ஃபைல் என்னுது சார். நான் அடிச்சது.”

“ஃபைல் உங்களுதுதான் சார். திறக்கறது எங்களுது.”

இதைச் சொல்வதற்கு ஒரு மனுஷனைச் சம்பளம் கொடுத்து உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நான் பணம் புரட்டிக்கொண்டு சென்னைக்குப் போவதற்குள் கம்பெனியே காணாமல் போய்விட்டது. அது இருந்த மாடியில் செல்போன் விற்றுக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்பாம் பாதுகாப்பு. அடுத்தவன் வீட்டைப் பூட்டிச் சாவியோடு ஓடுகிறவனுக்கு எங்கள் ஊரில் வேறு பெயர் உண்டு.

அந்த ஐப்பசியிலும் அக்கா வந்தார். அம்மா அந்த வரியை மனப்பாடமாகவே சொன்னார். “அது எனக்கும் தெரியும்மா. எழுத்துல இருக்கணும்ல?” என்றார் அக்கா. என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்கள் வந்தன. அவர் தெருவில் பாதிப்பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் கிளம்பினார்கள். அவரும் புருஷனோடு போய்விட்டார். சில வருஷங்களில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். அந்தக் குழந்தை அழுதது என்று சொல்ல இருந்த ஒரே சாட்சியும் இல்லாமல் போயிற்று.

கம்ப்யூட்டர் மாற்றும்போதெல்லாம் அந்த ஃபைலையும் கூடவே தூக்கிக்கொண்டு அலைந்தேன். திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பையாக வரும். ஒருநாள் இன்டர்நெட்டில், பழைய தமிழ் எழுத்துருக்களை இன்றைய யூனிகோடுக்கு மாற்றும் புரோகிராம் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “ஓசில குடுக்கறதுல என்ன சார் இருக்கப் போவுது?” அவர் கடையில் ஓடுவதெல்லாம் திருட்டுக் காப்பி. திருடினது உசத்தி, கொடுத்தது மட்டம். ஊரில் பாதிப்பேர் இந்த லட்சணத்தில்தான் பேசினார்கள், படித்தவர்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாக.

என் எழுத்துரு அந்தப் புரோகிராமிலும் இல்லை. ஆனால் அதைத் திறந்தால் உள்ளே இருந்ததெல்லாம் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு அட்டவணை: இந்தக் குறி வந்தால் இந்தத் தமிழ் எழுத்து. இல்லாததை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்கும் கொடுங்கள் என்று ஒரு குறிப்பு. எழுதியவர் யார், எந்த ஊர் என்று தெரியாது. இலவசம் என்பது அதில் சின்ன விஷயம். வயலில் மோட்டார் நின்றால் கழற்றிப் பார்க்கிறோம். நமக்குப் புரியாவிட்டால் பக்கத்து வயல்காரர் பார்க்கிறார். கழற்றவே கூடாது என்று எவனாவது மோட்டார் விற்க வந்தால் வரப்போடு துரத்தியிருப்போம். கம்ப்யூட்டர் என்றதும் மட்டும் கைகட்டி நின்றோம், முதல் ஆளாக நான்.

பரணில் நான் அடித்த பழைய கல்யாணப் பத்திரிகைகள் சாம்பிளுக்குக் கிடந்தன. அவற்றின் ஃபைல்களும் அதே குப்பையாக என்னிடம் இருந்தன. அச்சான பத்திரிகையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ஃபைலோடு எழுத்தெழுத்தாகப் பொருத்தினேன். எல்லாப் பத்திரிகையிலும் வரும் ‘நிகழும் மங்களகரமான’ என்ற தொடக்கமே பத்து எழுத்தைக் கொடுத்தது. ஞ அகப்படாமல் திண்டாடியபோது யார் வீட்டு மஞ்சள் நீராட்டு விழாவோ கைகொடுத்தது. மூன்று வாரத்தில் அட்டவணை முடிந்தது. அதை அந்தப் புரோகிராமோடு சேர்க்கச் சொல்லி அனுப்பிவைத்தேன். என்னைப் போல வேறு மடையர்களும் இருப்பார்கள். அம்மாவின் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் தமிழில் வந்தன. அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

அக்காவின் சொந்தக்காரரிடம் நம்பர் வாங்கித் திருப்பூருக்குப் போன் செய்தேன். நர்ஸம்மா பையன் என்றதும் “சொல்லுங்க தம்பி” என்றார். உங்கள் வரி கிடைத்துவிட்டது என்று சொல்லிப் படித்தேன். “ஐப்பசி, செவ்வாய்க்கிழமை, பகல். பெண். அழுதது. கால் மணி இருந்தது.”



“எழுத்துல இருக்கா தம்பி?”

“இருக்குக்கா. அச்சடிச்சு அனுப்பறேன்.”

“அது வர்றப்ப வரட்டும். இவரு இங்கதான் சாப்பிட்டுக்கிட்டிருக்காரு. ஸ்பீக்கர்ல போடறேன், திரும்பப் படிங்க. அந்த அழுததுங்கறதை மட்டும் கொஞ்சம் சத்தமாப் படிங்க.”

பக்கத்துக் கடைக்கும் கேட்கும்படி படித்தேன்.