கேப் விடச் சொன்ன முனிராஜ்

முனிராஜ் போய்விட்டான். இன்று விடிகாலை, பாகலூரில், அவன் வீட்டில், தூக்கத்திலேயே...

போன் வந்ததும் எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், காரணம் இருக்கிறது.

ஓசூர் கம்பெனியில் அவன் குவாலிட்டி, நான் ஸ்டோர்ஸ். அம்மாவிடம் தெலுங்கு, மனைவி மஞ்சுளாவிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை, ஊரை வைத்து "திருநெல்வேலி" என்றுதான் கூப்பிடுவான்.

இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினோம். டூயல் கிளட்ச். காலடியில் கிளட்ச் பெடல் இல்லை என்றதும் உள்ளேயும் கிளட்சே இல்லை என்று நினைத்துவிட்டான் மகராசன்.

கம்பெனி கேட் மேட்டில் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்திக் காட்டுவான். பின்னால் ஒரு இன்ச் போகவில்லை பார் என்று பெருமை வேறு...

கிளட்ச் கருகிப்போனது. சர்வீஸ் சென்டருக்குப் போய்வந்தவன் வேறு ஆளாகிவிட்டான்.

அதற்குப்பிறகு யார் காரில் ஏறினாலும் உபதேசம்தான். நின்றால் பிரேக்கை முழுசாக மிதி, அப்போதுதான் கிளட்ச் விலகும். அரைப் பிரேக்கில் உருட்டினால் உள்ளே உரசிக்கொண்டே இருக்கும். ரொம்ப நேரம் நின்றால் நியூட்ரல், ஹேண்ட்பிரேக்.

ஷிப்ட் விடும்போது எங்கள் கேட்டில் யாரும் கேப் விடமாட்டோம். விட்டால் பைக்குகள் புகுந்துவிடும். உருட்டி உரசக்கூடாது என்று இவன் மட்டும் ஒரு கார் நீளத்துக்கு இடம் விட்டு நிற்பான். பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கும்... துரை அசையமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மானம் போகும்.

போன மாதம் பெங்களூரு ஆஸ்பத்திரியில், நோய் முற்றிவிட்டது, இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில்தான் உயிர் போக வேண்டும் என்பது அவனுடைய ஒரே ஆசை.

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றான். என் காரில் முன் சீட்டைச் சாய்த்துப் படுக்க வைத்தோம். மஞ்சுளா பின்னால்.

மாநில எல்லையில் அத்திப்பள்ளி வருவதற்குள் டிராபிக் அடைத்துக்கொண்டது. நான் பதற்றத்தில் அங்குலம் அங்குலமாக உருட்டிக்கொண்டே இருந்தேன். கியர்பாக்ஸ் சூடாகிவிட்டதென்று டேஷ்போர்டில் எச்சரிக்கை வந்தது. வண்டி நடுரோட்டில் படுத்துவிட்டால்... பயந்துபோனேன்.

கண்ணை மூடிக் கிடந்தவன் மெல்லச் சொன்னான். "ஏ திருநெல்வேலி, ஏன் இப்பிடி ஒரசற? பிரேக்க முழுசா மிதி. பூந்து போறவன் போவட்டும், நான் ஊடு போய்ச் சேந்தா போதும்."

ஓரம் கட்டவும் இடமில்லை. நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டுக் காத்திருந்தேன். லாரி, பைக், ஆட்டோ எல்லாம் எங்கள் முன்னால் புகுந்து போயின. நன்றாக இடம் கிடைத்த பிறகுதான் நகர்த்தினேன். அப்புறம் மறுபடியும் நின்றேன். எச்சரிக்கை எப்போது அணைந்ததென்றுகூடக் கவனிக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பாகலூர் போய்ச் சேர்ந்தோம்.

அதன்பிறகு தன் கட்டிலில் கிடந்து, மஞ்சுளா கையால் ராகிக் கூழ் குடித்து, பார்க்க வந்தவர்களை மூன்று பாஷையிலும் கிண்டல் செய்துகொண்டிருந்தான்.

இன்று மாலை எடுக்கிறார்கள். வருகிற நண்பர்களே, பாகலூர் ரோட்டில் நெரிசலாக இருக்கும். முட்டி முட்டி உருட்டாமல் கேப் விட்டு வாருங்கள்.

முனிராஜ்... உன் வீட்டிலிருந்தே கிளம்பிவிட்டாய். எனக்கு அது போதும்.

போய் வாடா.