அட்டைப்பெட்டிக் கம்பெனியில் படித்த விலங்கியல்

போன ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் என் முறை வந்தபோது, "அக்கா, மூளை ஒண்ணு இருக்கு, போடவா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் அதை வாழை இலைத் துண்டில் வைத்து நீட்டினார். பின்னால் நின்ற கல்லூரிப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானோ கூட்டம் நிற்பதை மறந்து, இலையை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பெருமூளை இரண்டு பாதி. பின்னால் ஒட்டிக்கொண்டு சிறுமூளை. கீழே முகுளம் கத்தி பட்டு அறுந்திருந்தது.

"முகுளம் பாதி போச்சேண்ணே," என்றேன்.

"எது போச்சு?" என்று பதறினார். எடையில் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம்.

பச்சை மூளைக்கு ஒரு வாசம் உண்டு. ரத்தமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த மாதிரி. மற்றவர்களுக்கு அந்த வாசத்தில் மிளகு வறுவல் ஞாபகம் வரும். எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் ஞாபகம் வருகிறது. அதை நான் படித்தது பன்னிரண்டாம் வயதில். கூடவே ஒரு கோபமும் வருகிறது. அதைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

ஏழாம் வகுப்பில் இருந்தேன். மதுரையில் ஒரு பெண்கள் பள்ளி, பெயர் வேண்டாம். புவியியல் வகுப்பில்தான் முதல் வலிப்பு வந்தது. கரும்பலகையில் பாதி வரைந்த இந்தியா வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். வலது கையில் வாட்ச்மேனின் சாவிக்கொத்து. நாக்கு கடிபட்டு வாயெல்லாம் உப்புக் கரித்தது. சுற்றி நின்ற பிள்ளைகளில் என் உயிர்த்தோழி எல்லோரையும்விடத் தள்ளி நின்றாள். அவளை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். எனக்கே என்னைக் கண்டு பயமாகத்தான் இருந்தது.

மூன்றாவது முறை விழுந்த பிறகு தலைமையாசிரியை அம்மாவை அழைத்தார். அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் கோபப்படுவது சுலபம். மெல்லிய குரலில், மேசைமேல் இருந்த பேனாவை நேராக்கி நேராக்கி வைத்துக்கொண்டு பேசினார்.

"மத்த புள்ளைங்க பயப்படுதுங்கம்மா. நல்லா குணமாகட்டும். அப்புறம் கூட்டிட்டு வாங்க, சேத்துக்கறோம்."

"எப்ப குணமாகும் மேடம்?"

"அது டாக்டர்தான் சொல்லணும்."

"டாக்டருக்கும் தெரியலையாம். அதுவரைக்கும் இவ படிக்காம இருக்கணுமா?"

தலைமையாசிரியை பேனாவை இன்னொரு தரம் நேராக்கினார்.

"டி.சி.யக் குடுங்க," என்றாள் அம்மா.

திருநகரில் எங்கள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். இனி கணக்குப் பரீட்சை இல்லை! என் மூளையில் கோளாறு இருந்தது உண்மைதான் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டுக்கல்வி என்று இன்று பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு அழகாகப் பெயர் வைத்துச் செய்கிறார்கள். எங்களுக்கு அந்தச் சொல் தெரியாது. அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். அம்மா பி.காம். முடித்துவிட்டுக் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் எழுத்தர். விழுகிற பிள்ளையை வீட்டில் தனியாக விடமுடியாது. அதனால் அம்மா என்னையும் கம்பெனிக்கே கூட்டிப்போனாள். முதலாளியிடம் அனுமதி கேட்கவில்லை. "நாளையிலருந்து எம் பொண்ணும் வருவா சார், அந்த மூலையில உக்காந்திருப்பா," என்று தகவல் சொன்னாள். அவர் மூலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஃபேன் வராதே அங்க," என்றார். அவ்வளவுதான்.

அந்த மூலைதான் என் பள்ளிக்கூடம். கஞ்சிப் பசை காய்கிற வாசம், அட்டையை மடிக்கிற இயந்திரத்தின் டபடப, பேச்சுக்கு நடுவே லாரி ஹாரன். இன்றும் எனக்கு அமைதியான அறையில் உட்கார்ந்து படிக்க வராது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். விடாமல் போடச் சொன்னார்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள் என்றார்கள். என்ன வியாதி என்று விளக்க டாக்டருக்கு நேரமில்லை, வெளியே வரிசை வாசல்வரை நின்றது. ஒரு மத்தியானம் கம்பெனியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"என் தலைக்குள்ள என்னதாம்மா நடக்குது?"

அம்மா என் ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். இலையின் பாகங்கள் இருந்தன. நீர் சுழற்சி இருந்தது. மூளை இல்லை.

அந்தச் சனிக்கிழமையே புது மண்டபத்துக்குப் போனோம். அப்போது அங்கே கல்தூண்களுக்கு நடுவே வரிசையாகப் புத்தகக் கடைகள். ஒரு பக்கம் தையல் மிஷின்கள், ஒரு பக்கம் வளையல், குங்குமம். யாளிச் சிலையின் காலடியில் பழைய கைடுகளைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருப்பார்கள். அம்மா விலங்கியல் புத்தகம் கேட்டாள்.

"பாப்பா என்ன படிக்குது?"

"ஏழாவது."

"இது பன்னெண்டாவது புக்குக்கா."

"எழுத்து தமிழ்தானே அண்ணே?"

கடைக்காரர் புத்தகத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்று சொன்னால் அது பொய். அவளுக்கும் ஒன்றும் தெரியாது. இருவரும் குருடர்களைப் போலப் பக்கம் பக்கமாகத் தடவிக்கொண்டு போனோம். புரியாத வரிக்குச் சிவப்புப் பென்சிலில் கோடு போட்டுவிட்டு மேலே போய்விடவேண்டும் என்பது அம்மா வைத்த சட்டம். முதல் பத்துப் பக்கமும் சிவப்பாகத்தான் இருந்தது. மைட்டோகாண்ட்ரியா என்ற சொல்லை அவள் சரியாகச் சொல்ல இரண்டு நாளானது. எனக்கு அரைமணி. அந்தப் பெருமையை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இனப்பெருக்க மண்டலம் வந்தபோது தாண்டிவிடுவாள் என்று பார்த்தேன். தாண்டவில்லை. பஸ் நிலையத்தில் ஊர்ப்பேர் அறிவிக்கிறவரைப் போல, ஒரே மூச்சில், ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்து முடித்தாள். "சந்தேகம் இருக்கா?" "இல்லம்மா." "இருந்தா கேளு. நாளைக்குக் கேளு." முகம் குங்குமமாகச் சிவந்திருந்தது.

கழிவு அட்டைகளில் படம் வரைவேன். ஆளுயர அட்டை ஒன்றில் எலும்புக்கூடு முழுசாக வரைந்து சுவரில் சாத்தியிருந்தேன். லோடு ஏற்ற வருகிறவர்கள் அதற்கு முன்னால் நின்று தங்கள் முட்டியைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். "பாப்பா, எனக்கு இந்த எடத்துலதான் வலிக்குது, இது பேரு என்ன?" என்று ஒரு டிரைவர் கேட்டார். பேரைச் சொன்னேன். வலி போகவில்லை, ஆனாலும் சந்தோஷமாகப் போனார்.

நரம்பு மண்டலம் வந்ததும் எங்களுக்குப் படம் போதவில்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமை ஆட்டு மூளை வாங்கி வந்தாள். அப்பா குதித்தார்.

"திங்கிற பொருள வச்சா புள்ளைக்குப் பாடம் நடத்துவ?"

"பாத்துட்டுத் திம்போம்."

பச்சையாக அறுத்தால் பிளேடு பட்டதும் மூளை தயிராகக் குழைந்துவிடுகிறது என்பதை முதல் ஞாயிறு கற்றோம். அடுத்த வாரம் உப்புத் தண்ணீரில் லேசாக அவித்தாள். இறுகியது. நடுவில் பிளந்தோம். சிறுமூளையை வெட்டியபோது உள்ளே வெள்ளையாக ஒரு குட்டி மரம், கிளை கிளையாக. இருவரும் ஒரே நேரத்தில் "அய்!" என்றோம். புத்தகத்தில் இருந்தது பொய்யில்லை!

"எனக்கு வர்றது இதுல எந்த எடத்துலம்மா?"

அம்மா பிளேடைக் கீழே வைத்தாள். மடிப்பு மடிப்பாக விரலை ஓட்டினாள். அப்புறம், "தெரியலடி," என்றாள். "ஆனா ஒண்ணு. பேய் வந்து உக்கார இதுல எடமே இல்ல."

அவள் அதைச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எழுமலையில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, வாரம் தவறாமல் ஆள் மூலம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு கோடாங்கி இருக்கிறார், உடுக்கடித்துக் குறி சொல்வார், ஓட்டிவிடுவார், புள்ளையைக் கூட்டிவா என்று. அப்பா ஊசலாடினார். அம்மா ஆடவே இல்லை. மூளையை அன்று மிளகு போட்டு வறுத்தாள். அப்பா தொடவில்லை. நானும் அம்மாவும் சாப்பிட்டோம்.

மேலூரில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்காரப் போகும்போது எனக்கு வந்துவிட்டது. பிற்பாடு எல்லோரும் சொல்லித்தான் தெரியும்: சமையல்காரர் இரும்புக் கரண்டியோடு ஓடிவந்தார், யாரோ என் வாயில் ஸ்பூனைத் திணிக்கப் பார்த்தார், அத்தை தன் பீரோச் சாவியை என் கையில் அழுத்தினாள். அம்மா எல்லோரையும் இரண்டு கையாலும் விலக்கினாளாம். "தள்ளுங்க. வாயில எதையும் வைக்காதீங்க. காத்து விடுங்க." என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் தன் சேலை முந்தானையை மடித்து வைத்துவிட்டு, எத்தனை நிமிஷம் நீடிக்கிறது என்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தேன். கையில் இன்னும் சாவி இருந்தது. சுற்றிலும் அந்த முகங்கள், பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே முகங்கள். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்!

"எதுக்கு அத்தை சாவி? எந்தப் பூட்டத் தொறக்கப் போறீங்க?"

பிறகு நிறுத்தவில்லை. நரம்பு செல், அதன் வால், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிற மின்சாரம், அந்த மின்சாரம் ஒரே நேரத்தில் கண்டபடி பாய்ந்தால் உடம்பு வெட்டி இழுக்கும் என்பது வரை, குழறுகிற நாக்கோடு, மண்டபத்துக்கே பாடம் நடத்தினேன். நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார் என்பார் அப்பா. அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்.

அத்தை வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "இம்புட்டுப் பேசுறாளே, கட்டாயம் ஏதோ பிடிச்சுத்தான் இருக்கு," என்றாள். ஆனால் அதற்குப் பிறகு எழுமலையிலிருந்து ஆள் வரவில்லை. அப்பா அன்று ராத்திரி என் தட்டில் தன் பங்கு அல்வாவையும் வைத்தார்.

எட்டாவதும் பத்தாவதும் தனித்தேர்வராக எழுதினேன். பிளஸ் ஒன் சேர அம்மா என்னை எங்கே கூட்டிப்போனாள் தெரியுமா? அதே பள்ளிக்கு. "வேற எங்கயாச்சும் போலாம்மா," என்றேன். "போலாம். முதல்ல இங்க," என்றாள்.

தலைமையாசிரியை விலங்கியல் டீச்சரைக் கூப்பிட்டார். டீச்சர் இதயம் வரையச் சொன்னார். வரைந்தேன். சிறுநீரகத்தின் உட்பகுதி. வரைந்தேன். மூளை என்றதும் எந்தப் பக்கமிருந்து வெட்டியது வேண்டும் என்று கேட்டேன். டீச்சர் சிரித்துவிட்டார். அதையும் வரைந்து நீட்டினேன். "மேடம், இந்தப் பொண்ணு எனக்கு வேணும்," என்றார்.

தலைமையாசிரியை படங்களைப் பார்த்தார். உண்மையாகவே ரசித்தார். பிறகு சொன்னார்: "லேப்ல ஆசிட் இருக்கு, கண்ணாடி இருக்கு. விழுந்துட்டா யார் பொறுப்பு? காமர்ஸ் குரூப் தாரேன்."

"காமர்ஸ் நான் படிச்சிருக்கேன் மேடம்," என்றாள் அம்மா. "அதுல இவளுக்குத் தேவையானது ஒண்ணும் இல்ல." என் மூன்று படங்களையும் மேசையிலிருந்து எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு படத்தைக்கூட விட்டுவரவில்லை.

திருமங்கலம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் எந்தக் கேள்வியும் இல்லாமல் சேர்த்தார்கள். வலிப்பைப் பற்றி நாங்களே சொன்னோம். வகுப்பாசிரியர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மாத்திரைய விடாம போடு. பெஞ்சு ஓரத்துல உக்காராத, நடுவுல உக்காரு." பெயரை எழுதிக்கொண்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. இவ்வளவு சின்ன விஷயமா இது? பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தால் போதுமா?

டாக்டராக ஆகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். மார்க் அதற்குப் போதவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற அறையில் வேலை பார்க்கிறேன். தலையில் பசை தடவி வயர் ஒட்டுகிற வேலை. போன மாதம் ஓர் அம்மா தன் மகளோடு வந்தார். ஸ்கூலில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இத்தனை வருடம் கழித்தும்! என் லீவு நாளில் அவர்களோடு அந்தச் சிறுமியின் பள்ளிக்குப் போய், தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து, சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. பிள்ளையை நடு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத்தான் வந்தேன்.

புது மண்டபத்தில் இப்போது கடைகள் இல்லை. அட்டைப்பெட்டிக் கம்பெனியை இடித்து லாரிகள் நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். எலும்புக்கூடு ஒரு மழையில் ஊறிப்போனது. அம்மாவே அதைப் பழைய பேப்பர்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

வலிப்பும் போய்விட்டது. எப்போது என்று சொல்ல முடியாது. கடைசியாக வந்தபோது அதுதான் கடைசி என்று யாருக்குத் தெரியும்? வராத மாதங்கள் சேர்ந்து வருடங்களாகி, டாக்டர் மாத்திரையைக் குறைத்து, பிறகு நிறுத்தினார். அதற்கும் பிறகு ஒருநாள் காலையில் குளிக்கப் போனபோது தாழ்ப்பாளைப் போட்டேன். ஏழாம் வகுப்பிலிருந்து எங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் போடப்படவே இல்லை. நான் குளித்து வரும்வரை அம்மா கதவுக்கு வெளியே நின்று ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். அன்று தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் அவள் பேச்சு பாதியில் நின்றது. தண்ணீரைத் திறக்காமல் காத்திருந்தேன். பிறகு அவள் காலடிகள் சமையலறைப் பக்கம் நடந்து போயின.