நிமிர்த்தி வைத்த டோக்கன்

என் ஏப்ரன் பையில் ஒரு நீல பிளாஸ்டிக் டோக்கன் கிடக்கிறது. அதைக் கொடுத்து இப்போது எதுவும் வாங்க முடியாது. கேன்டீனில் விரல் வைக்கும் மெஷின் வந்துவிட்டது. முன்பு ஷிப்டுக்கு ஆளுக்கு இரண்டு டோக்கன். டீயோ காபியோ வாங்கிக்கொள்ளலாம். வேண்டாதவர்கள் டோக்கனை மேசை ஓரத்தில் கவிழ்த்து வைப்பார்கள், யாரும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். நிமிர்ந்திருப்பதைத் தொடக்கூடாது. இது எங்கள் லைன் பெண்களின் வழக்கம். கவிழ்ந்ததையெல்லாம் எடுத்தவள் நான்.

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. காவேரிப்பட்டினம் பக்கம் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், டிப்ளமோ முடித்தவள். அந்தக் கர்வம் எனக்கு இன்றும் உண்டு. "எம் பொண்ணு கம்பெனியில செக்கிங்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, மத்திகிரி வாடகை அறையில் தலை வாரக்கூட மனமில்லாமல் நான் உட்கார்ந்திருந்தேன். காரணம் என்று ஒன்றும் இல்லை. அதுதான் அவமானமாக இருந்தது. காபி குடித்தால் ஒரு மணி நேரம் முகம் தெளிந்திருக்கும், வடிந்ததும் அடுத்தது. ஷிப்டுக்கு ஆறு கப். தூக்கம் கெட்டது, கெட்ட தூக்கத்துக்கும் காபிதான் மருந்து.

பக்கத்து இருக்கை அக்கா தேனிப் பக்கத்துக்காரர். என்னைவிட மூன்று வயது மூத்தவர், பத்தாவதோடு நின்றவர். அதனாலேயே அவரை நான் பெரிதாக மதிக்கவில்லை. டீ கப்பில் வெந்நீர் பிடித்துவந்து ஊதி ஊதிக் குடிப்பார்.

"என்னக்கா, காய்ச்சக்காரி மாதிரி?" என்று கேலி செய்வேன்.

"கைக்குச் சூடு வேணும்டி. உள்ள என்ன இருந்தா என்ன?" என்பார்.

விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடியின் கீழே சிறிய லென்ஸ்களைப் பிடித்துக் கீறல் பார்ப்பது எங்கள் வேலை. ஒரு நாள் நான் பார்த்த லென்ஸெல்லாம் கீறலாக இருந்தது. மூன்று ட்ரே முழுக்கச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். சூப்பர்வைசர் லென்ஸ் வார்க்கும் மெஷினையே நிறுத்தச் சொல்லிவிட்டார். அக்கா ஒரு லென்ஸை எடுத்துப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். லென்ஸில் ஒன்றுமில்லை. என் விரல் நடுங்கியதில் விளக்கு வெளிச்சம் கோடாக உடைந்து தெரிந்திருக்கிறது.

"டிப்ளமோ படிச்சவங்க பாக்கற லட்சணமாம்மா இது? இன்னொரு தடவ இப்படின்னா ஊருக்குக் கெளம்பிடுங்க" என்றார் சூப்பர்வைசர். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா மூன்று ட்ரேயையும் மறுபடி பார்த்து, ஸ்டிக்கர்களை நகத்தால் சுரண்டினார். நான் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தேன்.

"எத்தன நாளாடி இப்படி?"

"ரொம்ப நாளாக்கா."

"வீட்டுல சொன்னியா?"

"படிச்ச புள்ளைக்கு என்ன கொறன்னு கேப்பாங்க."

"படிச்சா மனசு நோவாதுன்னு எந்தப் புக்குல போட்டிருக்கு? சொல்லு, நானும் வாங்கிப் படிக்கிறேன்."

அழுகையோடு சிரித்துவிட்டேன்.

எப்போதும் கவிழ்ந்தே கிடக்கும் அவருடைய டோக்கன்கள் மறுநாள் நிமிர்ந்திருந்தன. "வேணும்னா என்கூட வெளிய வா" என்றார். ஆளுக்கொரு கப் வெந்நீரோடு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் வெயிலில் நின்றோம். ஆறு கப் காபியை வாரத்துக்கு ஒன்று வீதம் குறைத்துக்கொண்டே வந்தேன். முதல் வாரம் தலைவலியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்திகிரி மாட்டுப் பண்ணைச் சுவரை ஒட்டி இருவரும் நடந்தோம். ஒருநாள் போனில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"எனக்கும் அப்படி இருந்திருக்குது சாமி. அதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றாள்.

அந்த வாரமே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடமும் சொன்னேன். வேலை நிலைத்தது.

அக்கா கல்யாணமாகித் தேனிக்கே போய்விட்டார். கடைசி நாளில் என் மேசையில் ஒரு டோக்கனை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

சோர்வு இன்னும் வரத்தான் செய்கிறது. இன்று காலையும் வந்தது. இப்போதைய மெஷினில் எத்தனை முறை விரல் வைத்தாலும் காபி கொட்டும். அதன் முன்னே நின்றபடி பைக்குள் அந்த டோக்கனைத் தடவினேன். பிறகு வெந்நீர் பிடித்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன். வெயில் இல்லை, மேகமூட்டம். கை மட்டும் சூடாக இருந்தது.