சரசக்கா கொடுத்த மாத்திரை

டைகருக்குச் சோறு போடுவது நான். அவன் வாலாட்டுவது பக்கத்து வீட்டுச் சரசக்காவுக்கு. அந்த எரிச்சல் எனக்கு நெடுநாளாக உண்டு.

போன வருடம் அவன் சொட்டுச் சொட்டாக, ரத்தம் கலந்து சிறுநீர் கழித்தான். அன்னூரில் கால்நடை டாக்டர் பரிசோதித்துப் பார்த்து, கிருமித் தொற்று என்றார். பதினான்கு நாள் மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது. நான் இட்லிக்குள் வைத்துக் கொடுத்தால் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பினான். சரசக்கா கொடுத்தால் அப்படியே விழுங்கினான். தினமும் காலையில் அவர் குரலைக் கேட்டதும் வாசலுக்கு ஓடுவான். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐந்தாம் நாள் சிறுநீர் தெளிந்தது.

“இனி மாத்திரை வேண்டாங்க அக்கா, டாக்டரே நிறுத்தச் சொல்லிட்டாருங்க” என்று பொய் சொன்னேன்.

“அப்படியா அம்மணி, ரொம்ப நல்லதாப் போச்சு” என்று சந்தோஷமாகப் போனார்.

இரண்டே வாரத்தில் டைகர் சிறுநீர் கழிக்கக் காலைத் தூக்கவும் முடியாமல் முனகினான். தனியாக அவனைத் தூக்க முடியாமல், சரசக்காவையே கூப்பிட்டுக்கொண்டு அன்னூருக்கு ஓடினேன்.

“பாதியில மாத்திரைய நிறுத்துனது யாருங்க?” என்றார் டாக்டர்.

சரசக்கா என்னை ஒருமுறை பார்த்தார்.

“நாந்தானுங்க. குடுக்க மறந்துபோட்டேனுங்க.”

டாக்டர் திட்டத் திட்ட, அவர் டைகரின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். வீடு திரும்பும் வரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து மாத்திரை; பதினான்கு நாளும் சரசக்காவே கொடுத்தார். டைகர் தேறிவிட்டான். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், “இவங்கதானுங்க நிறுத்துனாங்க” என்று சொல்லியிருப்பேன். இப்போது எனக்குப் பொறாமை இல்லை என்று எழுத ஆசைதான். காலையில் இன்னமும் ஜன்னலில்தான் நிற்கிறேன்.